ஃபாஸ்ஃபேட் தீர்ந்துபோன தொட்டி: ஒரு வீட்டுப் பவளத்தொட்டியின் ஏழு மாதங்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் வரவேற்பறையில் நான்கு ஆண்டுகளாக ஒரு பவளத்தொட்டி இருக்கிறது. நான்கடி நீளம், இரண்டடி அகலம். கீழே அலமாரிக்குள் சம்ப் என்ற வடிகட்டும் தொட்டி, அதில் கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் நீரை மேலேற்றும் பம்பும், பக்கத்தில் நீரைக் குளிர்விக்கும் சில்லர். பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் ஏறக்குறைய 380 லிட்டர் கடல்நீர். ஒன்பது மீன்கள், இருபத்திரண்டு பவளங்கள். இந்தத் தொட்டியில் ஏழு மாதங்களில் நடந்ததை என் குறிப்பேட்டை வைத்து எழுதுகிறேன். அந்தக் காலத்தில் மூன்று அக்ரோபோரா என்ற கிளைப் பவளங்களையும் ஒரு டார்ச் பவளத்தின் பாதியையும் இழந்தேன். நீர் கெட்டுப்போய் அவை சாகவில்லை. நீரை மிதமிஞ்சிச் சுத்தமாக்கியதால் பட்டினி கிடந்து செத்தன.

பவளம் வளர்க்கப் புதிதாக வருகிறவர்களிடம் இன்றும் "நைட்ரேட், ஃபாஸ்ஃபேட் இரண்டும் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் இரையிலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் சேரும் சத்துகள்; மிஞ்சினால் பாசி படரும். மூன்று ஆண்டுகள் பவளம் வளர்த்த பிறகும் நான் அந்தப் பேச்சை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அதனால்தான் இதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

தொடக்க நிலை

மூன்றாம் ஆண்டின் முடிவில் பாறைகளின் மேல் பச்சை முடிப்பாசி படர்ந்தது. முதலில் பம்பின் வாய்க்கு அருகே ஒரு கொத்து. பிறகு அக்ரோபோராவின் அடிவரை. நீரைச் சோதித்தால் நைட்ரேட் லிட்டருக்கு 25 மில்லிகிராம், ஃபாஸ்ஃபேட் 0.24 மில்லிகிராம். காரணம் தேட வேண்டியதில்லை. காலையில் அம்மா மீனுக்கு இரை போடுவார், மாலையில் மகள் போடுவாள், இரவில் நான் உறைந்த மைசிஸ் இறால் கட்டிகளைக் கரைத்து ஊற்றுவேன். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது.

அந்த நாள்களில் பவளங்கள் எப்படி இருந்தன என்று குறிப்பேட்டில் தேடினால் ஒரு வரிகூட இல்லை. பக்கம் பக்கமாகப் பாசியைப் பற்றியே எழுதியிருக்கிறேன். பழைய படங்களைப் பார்த்தால் நிறம் சற்றுப் பழுப்பேறியிருக்கிறது. ஆனால் கிளை நுனிகள் எல்லாம் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அதைவிட உறுதியான சான்று காரத்தன்மைக் கணக்கில் இருந்தது. பவளம் எலும்புக்கூடு கட்டும்போது நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. அதனால் காரத்தன்மை நாள்தோறும் இறங்கும். என் தொட்டியில் அது ஒரு நாளைக்கு 1.1 டி.கே.எச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) இறங்கியது. அதை ஈடுகட்ட, அளந்து ஊற்றும் டோசர் பம்பு தினமும் 12 கிராமுக்குச் சற்று அதிகமான சோடியம் பைகார்பனேட்டைக் கரைசலாக ஊட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவையும் வாங்கிக் கல்லாக்கிக்கொண்டிருந்த பவளங்கள் நலமாக இருந்தன என்பதைப் புரிந்துகொள்ள வேறெந்தக் கருவியும் வேண்டாம். நான்தான் அந்த எண்ணை அப்படிப் படிக்கவில்லை.

செய்த மருத்துவம்

பத்து நாள் இடைவெளிக்குள் மூன்று வேலைகளைச் செய்தேன். இரையைப் பாதியாகக் குறைத்தேன். ஃபாஸ்ஃபேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணை 200 கிராமை, நீர் ஊடுருவி ஓடும் ரீஆக்டர் குழாயில் போட்டேன். அதோடு சமையல் வினிகரை நாளுக்கு 5 மில்லிலிட்டரில் தொடங்கி 30 வரை ஏற்றினேன். வினிகரில் உள்ள கரிமத்தைத் தின்று பாக்டீரியா பெருகும். பெருகும்போது நைட்ரேட்டையும் ஃபாஸ்ஃபேட்டையும் உடலில் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மர் நுரையோடு வெளியேற்றும். பலரும் கையாளும் வழி இது. மூன்றில் எதுவும் தன்னளவில் தவறல்ல. ஒவ்வொன்றாகச் செய்து, நடுவில் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

குருணையைப் போட்ட நாளை முதல் நாளாகக் கொள்கிறேன். 12ஆம் நாள் ஃபாஸ்ஃபேட் 0.09. 24ஆம் நாள் 0.02. 36ஆம் நாள் 0.00, நைட்ரேட் 0.5. முடிப்பாசி வெளிறி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தொட்டாலே உதிர்ந்தது. மாலையில் விளக்கு எரியும்போது தொட்டிக்குள் நீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. அன்றைய பக்கத்தில் "வெற்றி" என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன்.

அந்தப் பூஜ்ஜியத்தைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. நான் வைத்திருக்கும் கையடக்க நிறமானி ஃபாஸ்ஃபேட்டைக் காட்டுவதில்லை. பாஸ்பரஸை நூறு கோடியில் எத்தனை பங்கு என்று காட்டும். அதை 3.066ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் ஃபாஸ்ஃபேட் கிடைக்கும். கருவியின் பிழை இரு பக்கமும் 5 பங்கு. ஃபாஸ்ஃபேட்டாகச் சொன்னால் ஏறக்குறைய 0.015 மில்லிகிராம். ஒருமுறை பூஜ்ஜியம் வந்தால் அது 0.01ஆகவும் இருக்கலாம். ஐந்து நாள் தொடர்ந்து பூஜ்ஜியம் வந்தால் அப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்கு இருபத்தாறு நாள் தொடர்ந்து வந்தது.

கவனிக்கத் தவறியவை

40ஆம் நாளிலிருந்து நிறங்கள் மாறின. பழுப்பு போய் இளநீலம், இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் என்று மிட்டாய் நிறங்கள் வந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் கூட்டுயிர்ப் பாசி குறைந்தால்தான் அப்படி வெளிறும். அந்தப் பாசிதான் ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்து பவளத்துக்கு ஊட்டுகிறது. அடுப்படி காலியாகிக்கொண்டிருந்ததை அழகு என்று நினைத்தேன்.

49ஆம் நாள் அக்ரோபோராக்களின் நுனிகள் சுண்ணாம்பு தொட்டதுபோல் வெளுத்தன. காரத்தன்மையைப் பார்த்தால் 10.6 டி.கே.எச். இரண்டு வாரம் முன்பு 8.2. டோசரில் ஏதோ பழுது என்று நினைத்து அதைக் கழற்றி அளந்து பார்த்தேன். பம்பு மிகச் சரியாகவே ஊற்றிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பட்டினியில் வளர்ச்சி நின்றது. வளர்ச்சி நின்றதால் காரத்தன்மை செலவாகவில்லை. செலவாகாமல் ஏறிய காரத்தன்மை, சத்தில்லாத நீரில் நுனிகளைக் கருக்கியது. டோசரை நிறுத்திவிட்டு அளந்தபோது ஒரு நாள் செலவு 0.3 மட்டுமே. 1.1இலிருந்து 0.3. மூன்று ஆண்டுகளாக ஏறியிருந்த வளர்ச்சி ஏழு வாரத்தில் கரைந்திருந்தது.

58ஆம் நாள் மாலை மகள் தொட்டியின் முன் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, பாறையெல்லாம் மூக்கு ஒழுகுகிறது" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். பழுப்பு நிறத்தில் வழவழப்பான நூல்கள். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழி. அந்தக் குமிழி மேலே இழுக்க நூல் நிமிர்ந்து நின்று நீரோட்டத்தில் ஆடியது. அக்ரோபோராவின் வெளுத்த நுனிகளில்தான் அவை அடர்த்தியாகப் பற்றியிருந்தன. மணலில் இரண்டு டர்போ நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் நூல்களில் பாதிக்கு மேல் காணவில்லை. மறுநாள் நண்பகலுக்குள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன.

சந்தேகப்பட்டவையும் விலக்கப்பட்டவையும்

உடனே சத்துக் குறைபாடு என்று முடிவுக்கு வந்துவிடவில்லை. குழாய் நீரை முதலில் சந்தேகப்பட்டேன். சிங்கப்பூரில் குழாய் நீரைக் குளோரமின் கொண்டு கிருமிநீக்கம் செய்கிறார்கள். கரி வடிகட்டி தேய்ந்துபோனால் குளோரமின் ஆர்.ஓ. வடிகட்டியைத் தாண்டித் தொட்டிக்கு வர வாய்ப்பு உண்டு. சோதித்ததில் குளோரின் இல்லை. கரைந்த திடப்பொருள் அளவும் பூஜ்ஜியம். உப்புத்தன்மை 35, வழக்கம்போல். சில்லர் 26 பாகையில் சரியாக ஓடியது. குறிப்பேட்டில் ஒரு நாள்கூட 27ஐத் தாண்டவில்லை. விளக்கின் வலு ஓராண்டாக மாறவில்லை. எஞ்சியது, கடந்த இரண்டு மாதத்தில் நான் மாற்றியது மட்டும்தான்.

மகளின் பள்ளி நுண்ணோக்கியை எடுத்து ஒரு நூலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 400 மடங்கில் பார்த்தேன். நீர்த்துளி வடிவில் பழுப்பு உயிரணுக்கள். ஒரு முனை எதிலோ கட்டிப்போட்டதுபோல் இருக்க, மறு முனை சுற்றிச் சுற்றி வந்தது; முளைக்குச்சியில் கட்டிய கன்று சுற்றுவதுபோல. பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஆஸ்ட்ரியோப்சிஸ் வகை டைனோஃபிளாஜெல்லேட் அது; சுருக்கமாக டைனோ என்று சொல்லப்படும் ஒற்றை உயிரணு நுண்ணுயிர். மணலிலேயே தங்கும் ஆம்ஃபிடினியம் வகையாக இருந்திருந்தால் மருத்துவமே வேறு. ஆகவே பெயர் தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். பழைய பள்ளி நுண்ணோக்கியே போதும்.

ஆஸ்ட்ரியோப்சிஸ் நச்சு சுரக்கும். 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் அது பெருகியபோது, அலைத்தூவல் காற்றில் கலந்து ஏறக்குறைய 200 பேர் காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று மருத்துவ உதவி நாடினார்கள். வீட்டுத் தொட்டியை அந்தக் கடலோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் அன்றிலிருந்து கையுறை இல்லாமல் நான் தொட்டிக்குள் கைவிடவில்லை, மகளையும் விடவில்லை.

இதில் எனக்கு வியப்பளித்த ஒன்று: பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் கூட்டுயிர்ப் பாசியும் ஒரு டைனோஃபிளாஜெல்லேட்தான். உள்ளே இருந்த உறவினர் பட்டினியில் வெளியேற, வெளியே இருந்த உறவினர் அதே பட்டினியில் தழைத்தார். டைனோக்களில் பல, ஒளியைக் கொண்டும் பிழைக்கும், பாக்டீரியாவைப் பிடித்துத் தின்றும் பிழைக்கும். நீரில் சத்து இல்லாததால் முடிப்பாசியும் டயட்டம் என்ற நுண்பாசியும் ஒதுங்கிவிட, பாறை முழுவதும் காலி மனை. நான் தினமும் 30 மில்லி வினிகர் ஊற்றிப் பாக்டீரியாவையும் வளர்த்துக் கொடுத்திருந்தேன்.

நீர்மட்டமும் வரத்தும்

இங்கேதான் என் புரிதலே தவறாக இருந்தது. பவளத்திட்டுகளைச் சுற்றியுள்ள கடல்நீரை அளந்தவர்கள் ஃபாஸ்ஃபேட் 0.01, 0.02 என்ற அளவில்தான் இருப்பதைக் கண்டார்கள். நைட்ரேட்டும் மிகக் குறைவு. அந்த எண்களைப் பார்த்துத்தான் தொட்டியும் அப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணம் பிறந்தது. ஆனால் ஏரியில் நீர்மட்டம் எவ்வளவு என்று மட்டும் பார்த்து, வரத்து வாய்க்காலில் எவ்வளவு வருகிறது என்று பார்க்காதவன் பாசனம் செய்ய முடியாது. கடலில் நீர்மட்டம் தாழ்வு, வரத்து ஓயாதது. ஒவ்வொரு அலையும் மிதவையுயிர்களைக் கொண்டுவருகிறது. ஆயிரக்கணக்கான மீன்கள் பவளக் கிளைகளுக்கு இடையே தூங்கி, கழித்து, மீண்டும் இரை தேடப் போகின்றன. வருவதையெல்லாம் உயிர்கள் அப்போதைக்கப்போதே வாங்கிக்கொள்வதால்தான் நீரில் மிச்சம் தெரிவதில்லை.

வீட்டுத் தொட்டியில் இதைக் கணக்காகவே பார்க்கலாம். உலர்ந்த மீன் தீனியில் நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தீனிகளில் அதற்குக் குறையாது. ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். ஃபாஸ்ஃபேட்டாக ஏறக்குறைய 31 மில்லிகிராம். அது முழுதும் என் 380 லிட்டரில் கரைந்தால் 0.08 உயர வேண்டும். நாளுக்கு இரண்டு கிராம் போட்டால் 0.16. ஒரு வாரத்தில் 1.1 ஆகியிருக்க வேண்டும். நலமான தொட்டியில் அது 0.06இலேயே நிற்கிறது என்றால், வந்ததெல்லாம் எங்கேயோ யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கருவி காட்டுவது அந்தப் போக்குவரத்தின் மிச்சத்தை மட்டும்.

இரையைப் பாதியாக்கியபோது வரத்தை அடைத்தேன். குருணையும் வினிகரும் போட்டபோது மதகைத் திறந்துவிட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில்.

எந்தச் சத்தை முதலில்

62ஆம் நாள் அண்ணன் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் பவளம் வளர்ப்பவர். உறவில்லை, பழக்கத்தில் அண்ணன். நான் ஃபாஸ்ஃபேட், நைட்ரேட் எண்களைச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, "தம்பி, அது இருக்கட்டும். காரத்தன்மை நாளுக்கு எவ்வளவு இறங்குகிறது?" என்றார். 0.3 என்றேன். "மூன்று மாதம் முன்னால்?" 1.1 என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பாசியைப் பார்த்துக்கொண்டு பவளத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள்" என்றார்.

வீட்டில் நைட்ரேட் கரைசல் ஒரு புட்டி இருந்தது. அன்றிரவே ஊற்றப் போவதாகச் சொன்னேன். "ஊற்றாதீர்கள். முதலில் ஃபாஸ்ஃபேட். அது நீரில் தங்கி நின்ற பிறகு நைட்ரேட்" என்றார். இதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான், செசிலியா டாஞ்செலோ குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நைட்ரேட் மிகுந்து ஃபாஸ்ஃபேட் பற்றாமல் போகும் நிலை பவளங்களை வெப்பத்துக்கும் ஒளிக்கும் தாங்காதவையாக்கி எளிதில் வெளிறச் செய்கிறது என்று காட்டினார்கள். நைட்ரேட் கிடைத்ததும் கூட்டுயிர்ப் பாசி பெருகப் பார்க்கும். பெருகுவதற்கு வேண்டிய பாஸ்பரஸ் இல்லை. அதன் உயிரணுச் சவ்வுகளின் கட்டமைப்பே மாறிப்போகும். நான் ஊற்றியிருந்தால் அந்த நிலையைத்தான் என் தொட்டியில் கையால் உண்டாக்கியிருப்பேன். விளக்கின் வலுவை நூற்றிலிருந்து எழுபதாகக் குறைக்கும்படி அண்ணன் சொன்னதும் இதனால்தான். மூன்று நாள் விளக்கை முழுவதும் அணைத்து டைனோவை ஒடுக்கும் வழியைப் பலர் சொல்கிறார்கள். பட்டினி கிடக்கும் பவளத்துக்கு இருட்டையும் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றும் அதைச் சரியென்றே நினைக்கிறேன்.

இந்த இரண்டு சத்துகளின் விகிதம் பற்றியும் பேச்சு வந்தது. கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934இல் கடலின் மிதவையுயிர்களிலும் ஆழ்நீரிலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பதைக் கண்டார். இன்று நாம் 16க்கு 1 என்று சொல்வது அணுக்களின் எண்ணிக்கையை. நைட்ரேட், ஃபாஸ்ஃபேட் மில்லிகிராமில் அது 10க்கு 1 ஆகும். இதை மாற்றிக் கணக்கிடாமலே 16ஐப் பிடித்துக்கொண்டு தொட்டியில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலும் அது திறந்த கடலின் மிதவையுயிர்களுக்கான சராசரி. கடலடியில் வேர்போல் பற்றி வளரும் பாசிகளை அட்கின்சனும் ஸ்மித்தும் 1983இல் அளந்தபோது 30க்கு 1 வந்தது. ஆகவே விகிதத்தைத் துரத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டும் தீராமல் இருக்க வேண்டும். இரண்டும் மெதுவாக மாற வேண்டும். எனக்கு அவ்வளவு போதும்.

ஊற்றிய கணக்கு

ரீஆக்டரை அன்றே கழற்றினேன். வினிகரை மட்டும் ஒரேயடியாக நிறுத்தாமல் ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்தேன். பெருகிய பாக்டீரியா ஒரே நாளில் செத்தால் அது தனித் தொல்லை. நீர் மாற்றுவதையும் ஐந்து வாரம் நிறுத்தினேன். டைனோ இருக்கும்போது புதுநீர் மாற்றினால் அது இன்னும் செழிப்பதைப் பலரின் தொட்டியில் பார்த்திருக்கிறேன்.

டிரைசோடியம் ஃபாஸ்ஃபேட், பன்னிரு நீர்மூலக்கூறு கொண்ட படிகம், அதன் எடையில் கால் பங்கு ஃபாஸ்ஃபேட். 4 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்தால் ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் ஃபாஸ்ஃபேட். கணக்கு நினைவில் நிற்க வசதியான அளவு. 380 லிட்டரை 0.05 உயர்த்த 19 மில்லிலிட்டர் வேண்டும். காலையில் விளக்கு எரிந்ததும் 19 மில்லிலிட்டர் ஊற்றுவேன். இரவு பத்து மணிக்கு அளந்தால் 0.01. மறுநாள் காலை 0.00.

இப்படியே 33 நாள். மொத்தம் 627 மில்லிலிட்டர். நீரிலேயே தங்கியிருந்தால் ஃபாஸ்ஃபேட் 1.65 ஆகியிருக்கும். 95ஆம் நாள்தான் முதன்முறையாகக் காலை அளவில் 0.05 நின்றது. மற்றதெல்லாம் எங்கே போனது? ஒரு பங்கு பவளத்துக்கும் பாக்டீரியாவுக்கும் பாசிக்கும். பெரும்பங்கு பாறைக்குள் என்பது என் கணிப்பு. பவளப்பாறையும் மணலும் அரகொனைட்; கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம். அதன் மேற்பரப்பில் ஃபாஸ்ஃபேட் ஒட்டிக்கொள்வதையும், நீரில் குறைந்தால் திரும்ப விட்டுக்கொடுப்பதையும் ஃபிராங்க் மில்லரோவும் உடன் ஆய்ந்தவர்களும் 2001இல் கடல்நீரில் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். என் குருணை ஐந்து வாரத்தில் நீரிலிருந்ததை மட்டும் எடுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் பாறையில் சேர்ந்திருந்த இருப்பையும் சுரண்டி எடுத்திருந்தது. அந்தப் பள்ளம் நிரம்பும் வரை நீரில் எதுவும் தங்கவில்லை.

இந்த 33 நாளில் பலர் பொறுமை இழந்து அளவை இரட்டிப்பாக்குவார்கள். எனக்கும் கை துடித்தது. 80ஆம் நாள் குறிப்பில் "நாளை 40 மில்லி" என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். அண்ணன் விடவில்லை.

ஆஸ்ட்ரியோப்சிஸ் இரவில் நீரில் மிதந்து திரியும் என்பதால் புறஊதா விளக்குக் குழாய் ஒன்றை வாடகைக்கு வாங்கி, சம்ப்பில் வைக்காமல் நேராகத் தொட்டியிலிருந்தே நீரை இழுத்து மெதுவான ஓட்டத்தில் இரவு முழுவதும் ஓட்டினேன். இரையைப் பழைய அளவுக்கு ஏற்றினேன். ஆனால் இப்போது இரைப் பெட்டி ஒருவர் கையில் மட்டும், கிராம் தராசில் நிறுத்து. அந்தப் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார். நைட்ரேட் கரைசலை 96ஆம் நாள் தொடங்கி, பன்னிரண்டு நாளில் 6 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தேன்.

84ஆம் நாள் நூல்கள் குறைவதாகத் தோன்றியது, நம்பத் துணியவில்லை. 97ஆம் நாள் பாறையில் பச்சைப் பொடிபோல் மெல்லிய பாசி படர்ந்திருந்தது. நான்கு மாதம் முன்பு அதைப் பார்த்திருந்தால் பதறியிருப்பேன். அன்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். 110ஆம் நாள் நுண்ணோக்கியில் ஆறு தகடு பார்த்தும் சுற்றும் உயிரணு ஒன்றுகூட இல்லை.

பாறை நிரம்பிய பிறகு

ஃபாஸ்ஃபேட் 0.05ஐத் தொட்ட பிறகும் தினமும் 19 மில்லிலிட்டரைத் தொடர்ந்தது என் இரண்டாவது தவறு. இரையும் பழையபடி போய்க்கொண்டிருந்தது. 120ஆம் நாள் 0.08 என்றதும் ஊற்றுவதை நிறுத்தினேன். இருந்தும் 150ஆம் நாள் 0.17. ஊற்றாமலே ஏறியது, இரையின் வரத்தாலும் நிரம்பிவிட்ட பாறை மேலும் வாங்கிக்கொள்ளாததாலும். பாறையின் மூலையில் முடிப்பாசி ஒரு விரல் நீளம் எழுந்தது.

குருணைப் பொட்டலம் அலமாரியில்தான் இருந்தது. இந்த முறை 200 கிராம் போடவில்லை. 15 கிராமை ஒரு வலைப்பையில் கட்டிச் சம்ப்பில் போட்டுவிட்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்தேன். ஒரு வாரத்தில் 0.01க்கு மேல் இறங்கினால் பையை எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். இருமுறை எடுக்க வேண்டியிருந்தது. முடிப்பாசியைக் கையால் பிடுங்கினேன், மிச்சத்தை மஞ்சள் டாங் மீன் மேய்ந்தது. 0.17இலிருந்து 0.09க்கு இறங்க ஏறக்குறைய எட்டு வாரம் ஆனது. முதல்முறை நான் 0.24இலிருந்து 0.09க்கு வந்தது பன்னிரண்டு நாளில்.

பவளங்களின் கதை சற்றுத் தாமதமாகவே திரும்பியது. காரத்தன்மைச் செலவு 100ஆம் நாள் 0.4, 130ஆம் நாள் 0.6, 165ஆம் நாள் 0.9. மான்டிபோரா பவளம் முதலில் தேறியது. அதன் விளிம்பில் வெள்ளைக் கோடுபோல் புது வளர்ச்சி. மிட்டாய் நிறங்கள் ஆழ்ந்து, ஊதா ஊதாவாகவே தெரியத் தொடங்கியது. இரண்டு அக்ரோபோராக்கள் 70ஆம் நாளுக்குள்ளேயே அடியிலிருந்து சதை உரிந்து செத்தன. மூன்றாவது 92ஆம் நாள் வரை இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நாளில் ஃபாஸ்ஃபேட் நிற்கப்போகிறது என்பது அப்போது எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

கூட்டுயிர்ப் பாசியைப் பவளம் சர்க்கரைக்காக மட்டும் வைத்திருக்கவில்லை என்பதை இந்த மாதங்களில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதே சவுத்தாம்ப்டன் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பவளங்கள் தங்களுக்குள் வளரும் பாசியில் ஒரு பங்கைச் செரித்து, அது நீரிலிருந்து சேர்த்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுத்துக்கொள்வதைக் காட்டினார்கள். வேறு இரையே கொடுக்காமல், கரைந்த சத்துகளை மட்டும் கொடுத்து வளர்த்த பவளங்கள் மாதக்கணக்கில் வளர்ந்தன. சத்தும் இல்லாதவை வளரவில்லை. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் கடற்பறவைகள் நிறைந்த தீவுகளைச் சுற்றிய பவளங்கள் வேகமாக வளர்வதையும் அவர்கள் கண்டார்கள். பறவை எச்சத்தின் சத்துதான் அங்கே வரத்து. பவளம் தன் வயிற்றுக்குள்ளேயே வயல் வைத்திருக்கிறது. அந்த வயலுக்கு உரம் போவதைத்தான் நான் அடைத்திருந்தேன்.

இப்போதைய நிலை

210ஆம் நாள் அளவுகள்: நைட்ரேட் 8, ஃபாஸ்ஃபேட் 0.08, காரத்தன்மை 8.1, ஒரு நாள் செலவு 1.0. வினிகர் இல்லை. புறஊதா விளக்கைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. குறிப்பேட்டில் பத்தியின் வரிசையை மாற்றியிருக்கிறேன்: முதலில் காரத்தன்மைச் செலவு, அடுத்து பவளங்களின் நுனி, நிறம், சதை விரிவு பற்றி ஒரு வரி, அதன் பிறகுதான் ஃபாஸ்ஃபேட், நைட்ரேட். எதை மாற்றினாலும் இரண்டு வாரம் கழித்துத்தான் அடுத்ததைத் தொடுகிறேன்.

செத்த மூன்றாவது அக்ரோபோராவின் கூட்டை நான் எடுக்கவில்லை. அதன் அடியில், பாறையோடு ஒட்டிய இடத்தில், உளுந்தளவு சதை மட்டும் சாகாமல் இருந்திருக்கிறது. 140ஆம் நாள்வாக்கில் மகள் கண்டுபிடித்தாள். இன்று அது ஒரு ஐம்பது காசு அகலத்துக்குப் படர்ந்து, தன் பழைய வெள்ளை எலும்பின்மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. ஞாயிறுதோறும் கண்ணாடிக்கு வெளியே அளவுகோலை வைத்து அளந்து, தேதியோடு அவளே குறிப்பேட்டில் எழுதுகிறாள்.